மூங்கில் வளைவும் ஒரு வாக்குமூலமும்

1

சென்ற வாரம் என் கண்காணிப்பில் இருந்த ஒரு சிறுமி விழுந்து கையை முறித்துக்கொண்டாள்.

நான் நியூசிலாந்தில், வெலிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியர் உதவியாளராக வேலை செய்கிறேன். இடைவேளையில் செம்மஞ்சள் நிற மேலங்கியை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்பதும் என் வேலைகளில் ஒன்று. ஆளையே தள்ளிக்கொண்டு போகிற காற்றுள்ள ஊர் இது. அன்று ஒரு பிள்ளையின் ஜாக்கெட் ஸிப் சிக்கிக்கொண்டது. குனிந்து அதை இழுத்து விட்டுவிட்டு நிமிர்ந்தால், விளையாட்டுக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த இன்னொருத்தி கீழே கிடக்கிறாள். கை இருக்கக்கூடாத பக்கமாக வளைந்து இருந்தது.

இருபது வருஷமாகப் பேசுகிற ஆங்கிலம் அந்த நேரத்தில் காலை வாரிவிட்டது. நான்தான் அவளை விழுத்திவிட்டேன் என்று பொருள் வரும்படி அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். பாடசாலையின் உதவி அதிபர் என்னைப் பார்த்து, “நீ தள்ளிவிட்டாயா?” என்று கேட்டார். இல்லை என்றதும் ஒரு தாளை நீட்டி, எங்கே நின்றாய், என்ன செய்துகொண்டிருந்தாய், என்ன பார்த்தாய், அதை மட்டும் எழுது என்றார். ஸிப் இழுத்துக்கொண்டிருந்ததை எழுதினேன். அவ்வளவுதான் விஷயம். டாக்டரும் எப்படி விழுந்தாள், எங்கே விழுந்தாள் என்று மட்டும்தான் கேட்டாராம். இந்த நாட்டில் விபத்து என்றால், யார் பிழை என்று பார்க்காமல் சிகிச்சையின் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. மறுநாள் அந்தப் பிள்ளையின் அம்மா எனக்கு ஒரு வாழைப்பழக் கேக் கொண்டுவந்து தந்தார். நீ ரொம்பப் பயந்துபோனாயாமே என்று கேட்டார்.

கேக்கை வாங்கிக்கொண்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சிறுமிக்காக அழுகிறேன் என்று எல்லோரும் முதுகைத் தடவினார்கள். உண்மையில் நான் அழுதது என் தங்கச்சி மகள் நிரோஷாவுக்காக.

2

இலங்கையில், மாத்தளைக்கு அருகே பலாபத்வலைப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. தங்கச்சி சாந்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவள் புருஷன் செல்வம் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறார். நிரோஷா ஒரே பிள்ளை. போன வருஷம் ஒன்பதாம் ஆண்டில் இருந்தாள்.

எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் ஓட்டப்பந்தயம் இரண்டாம்பட்சம். இல்லத்தை அலங்கரிப்பதில்தான் மானம் இருக்கிறது. ஒவ்வொரு இல்லமும் மூங்கிலில் வளைவு கட்டி, தென்னங்குருத்துத் தோரணம் தொங்கவிட்டு, நடுவர்கள் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். யட்டவத்தப் பக்கத்திலிருந்து யாராவது ஒரு தகப்பன் பச்சை மூங்கில் ஏற்றிவந்து போடுவார். அதைப் பிளப்பது, வளைப்பது, கட்டுவது எல்லாம் பிள்ளைகள். வகுப்பு முடிந்த பிறகு நடக்கும். இல்லப் பொறுப்பாசிரியர் நிற்க வேண்டும் என்பது ஒழுங்கு. நிற்பார்கள், போவார்கள், வருவார்கள். நாங்களும் அப்படித்தான் கட்டினோம். கத்தியால் கையை வெட்டிக்கொண்டவர்களை வீரர்களாகத்தான் பார்த்தோம்.

அன்று மூன்று பிள்ளைகள் ஒரு பெரிய மூங்கிலை வில்லாக வளைத்துப் பிடித்திருந்தார்கள். நிரோஷா மறுமுனையில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். கயிறு அறுந்தது. மூங்கில் நிமிர்ந்து வந்து அவளுடைய வலது கண்ணில் அடித்தது.

பொறுப்பாசிரியர் மல்லிகா டீச்சர் அப்போது அங்கே இல்லை. தன் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளை அலுவலகத்தில் கொடுக்கப் போயிருந்தார். மல்லிகா டீச்சர் கெட்டவர் இல்லை. அதுதான் இந்தக் கதையின் தொல்லையே. மழையில் நனைந்து வருகிற பிள்ளைக்குத் தன் துவாலையைக் கொடுக்கிறவர். நிரோஷாவுக்குக் கணக்கு வராதபோது வீட்டுக்குக் கூப்பிட்டுக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தவர். பிள்ளையை அள்ளி ஆட்டோவில் போட்டு, தன் சேலைத் தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான்.

சாந்தி பின்னாலேயே போய்ச் சேர்ந்தாள். காயத்தோடு ஆளைச் சேர்த்தால் ஆஸ்பத்திரிப் பொலிஸ் வந்து விசாரிக்கும். வந்தவர் சிங்களத்தில் கேட்டார், எப்படி நடந்தது என்று. டீச்சர் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். என் தங்கச்சி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பொலிஸ்காரரிடம் சொன்னாள், வீட்டில் அவரைக்கொடிக்குப் பந்தல் போடும்போது மூங்கில் அடித்துவிட்டது என்று.

யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. டீச்சரும் ஒன்றும் சொல்லவில்லை.

3

இங்கே எனக்குச் செய்தி அடுத்த நாள் காலையில் வந்தது. அதற்குள் பிள்ளையைக் கண்டிக்கு மாற்றியிருந்தார்கள். கருவிழி கிழிந்திருந்தது. இரண்டு தடவை சத்திரசிகிச்சை செய்தும் பார்வை திரும்பவில்லை. கண் அதன் இடத்தில் இருக்கிறது, பார்வைதான் இல்லை. சாந்தி இதைச் சொன்னபோது நான் பாடசாலை வாகனத் தரிப்பிடத்தில் நின்றிருந்தேன். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பந்தல் பொய்யை அவள் சொன்னது அதற்குப் பிறகுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“ஏன்டி அப்படிச் சொன்ன?”

“அவங்க அழுதுகிட்டு நின்னாங்கக்கா. சேல பூரா நம்ம புள்ளையோட ரத்தம். அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு எப்படிக்கா அவங்களக் காட்டிக் குடுக்கிறது? கண்ணு போயிரும்னு அப்பத் தெரியாதே.”

இதை எங்கள் ஊருக்கு வெளியே ஒருவருக்கும் விளங்கவைக்க முடியாது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை, தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, டீச்சருக்கு ஒரு உபகாரமாகப் பொய் சொல்லியிருக்கிறாள். கடையில் சில்லறை இல்லாதபோது பரவாயில்லை என்று சொல்வது மாதிரி. குரு என்றால் தெய்வத்துக்கு ஒரு படி முன்னால் என்று சொல்லி வளர்த்தார்கள். தெய்வத்தைப் பொலிஸில் காட்டிக்கொடுக்க முடியுமா?

கண்டியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பாடசாலை அதிபரும் நான்கு ஆசிரியர்களும் பார்க்க வந்தார்கள். ஆப்பிள், திராட்சை, மால்ட் பால்மா டின். பாடசாலையின் பொறுப்பு எங்கள் ஊரில் இந்தப் பையோடு தொடங்கி இந்தப் பையோடு முடிகிறது. அதிபர் நல்லபடியாகப் பேசினார். வீட்டில் நடந்ததுதானே, என்ன செய்வது, விதி என்றார். அவருக்கு உண்மை தெரியும். செல்வம் தலையாட்டினார். சாந்தி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். மல்லிகா டீச்சர் மட்டும் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லையாம். உள்ளறையில் கட்டிலில் இருந்த நிரோஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

4

என் மகள் திவ்யாவுக்குப் பதினாறு வயது. இங்கே பிறந்தவள். தமிழ் அவள் வாயில் இரவல் சட்டை மாதிரி, எங்காவது ஒரு பக்கம் தொங்கும். நடந்ததைக் கேட்டுவிட்டு, “சித்தி ஏன் பொய் சொன்னா?” என்றாள். ‘சொன்னாங்க’ என்று திருத்தினேன். “சரி, சொன்னாங்க. ஏன்?” என்றாள். மரியாதையைத்தான் என்னால் திருத்த முடிந்தது. வழக்குப் போட வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அது அவ்வளவு சுலபம்.

செல்வம் மாத்தளையில் ஒரு சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தார். என் நச்சரிப்புத் தாங்காமல்தான் போனார். சட்டத்தரணி பொறுமையாக விளக்கினாராம். பாடசாலை நேரத்திலும், பாடசாலைக் காரியமாகப் பிள்ளையை நிறுத்திவைக்கிற நேரத்திலும் பெற்றோரின் இடத்தில் இருப்பது பாடசாலை. கவனமுள்ள ஒரு தாய் தகப்பன் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்க்க வேண்டும். பச்சை மூங்கிலையும் கத்தியையும் கொடுத்துவிட்டு ஒரு பெரியவரும் பக்கத்தில் இல்லையென்றால் அது கவனயீனம். நட்டஈடு கேட்கலாம். டீச்சர் மட்டுமில்லை, அவருக்கு மேலே இருப்பவர்களும் பொறுப்பு. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, பொலிஸில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறார். செல்வம் சொன்னார். சட்டத்தரணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். எதிர்த்தரப்பு முதலில் தூக்கிக் காட்டுவது அந்த வாக்குமூலத்தைத்தான். முதலில் பிள்ளையின் அம்மா போய் அதைத் திருத்த வேண்டும். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அப்போதும் நம்புவார்கள் என்று உறுதி இல்லை.

இதை நான் என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்” என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். நாங்கள் இருவரும் அந்தப் பழமொழியை அதன்பிறகு சொல்வதில்லை.

சாந்தி போகமாட்டேன் என்றாள். டீச்சருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம்தான், அவருக்கும் இரண்டு பிள்ளைகள், விசாரணை என்று வந்தால் ஓய்வூதியத்தில் கைவைப்பார்கள் என்று ஊரில் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. எனக்கும் அவளுக்கும் தொலைபேசியில் சண்டை வந்தது. உனக்கென்ன, தூர இருந்துகொண்டு சொல்லிவிடுவாய், நாளைக்குப் பஸ்ஸில் அவங்க முகத்தைப் பார்க்கப்போவது நான்தானே என்றாள். அது பொய்யில்லை. ஒரு மாதம் நாங்கள் பேசவில்லை.

5

சாந்தியோடு பேசாமல் இருந்த அந்த மாதத்தில், யார் பிழை என்று கேட்காத இங்கத்து ஏற்பாட்டை நான் பெரிதாக மெச்சிக்கொண்டு திரிந்தேன். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை, அதனால் யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. இப்படி ஒருநாள் என்னோடு வேலை செய்கிற ஜேனிடம் சொன்னேன். ஐம்பது வயதைக் கடந்தவள். அவளுடைய மகன் பள்ளியில் படிக்கும்போது ஒரு சுற்றுலாவில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எல்லாம் தந்தார்கள் என்றாள் ஜேன். சக்கரநாற்காலி, வீட்டில் சாய்தளம், வாரத்துக்கு ஒருமுறை உதவிக்கு ஆள். குறைசொல்ல மாட்டேன். ஆனால் உடற்காயத்துக்கு இங்கே நட்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்பதால், எவரும் என் முன்னால் வந்து உட்கார்ந்து, நாங்கள் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்று சொல்லவே இல்லை. அதை மட்டும் என் மகன் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அதன்பிறகு நான் என் மெச்சுதலைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டேன்.

6

இந்த வருஷமும் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. நிரோஷா கறுப்புக் கண்ணாடியோடு பாடசாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அவள் வீட்டில்தான் அடிபட்டாள் என்பது இப்போது பாடசாலையின் உத்தியோகபூர்வக் கதை. கூட நின்ற மூன்று பிள்ளைகளுக்கும் உண்மை தெரியும். அதைப் பேசக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. புதிதாக வந்த ஒருத்தி, வீட்டில் என்ன குரங்குச் சேட்டை செய்தாய் என்று நிரோஷாவிடமே கேட்டிருக்கிறாள்.

மூங்கில் வந்து இறங்கிய இரண்டாம் நாள் நிரோஷா பாடசாலையைவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, இனிமேல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் போனை எடுத்து எனக்கு அழைத்தாள்.

“ஏழாம் ஆண்டுப் புள்ளைங்க வளைச்சுக்கிட்டு நிக்குதுங்க, பெரியம்மா. சுத்திச் சுத்திப் பாத்தேன். இந்த வருசமும் டீச்சர் ஒருத்தரும் இல்ல.”

வீட்டில் நடந்த விபத்துக்குப் பாடசாலை எதற்கு எதையும் மாற்ற வேண்டும்? என் தங்கச்சி அன்றைக்கு டீச்சருக்குச் செய்த உபகாரம் இன்னொரு பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. இதைச் சாந்தியிடம் நான் சொல்லவில்லை. அவளுடைய மகளே சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை பொலிஸுக்குப் போய் வாக்குமூலத்தைத் திருத்துவது என்று சாந்தி முடிவெடுத்தாள். எப்படித் தெரிந்ததோ, ஞாயிறு காலையில் மல்லிகா டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் பை எதுவும் இல்லை.

அந்த நேரம் நான் வீடியோவில் சாந்தியோடு பேசிக்கொண்டிருந்தேன். இங்கே மாலை. டீச்சரைக் கண்ட பதற்றத்தில் அவள் போனைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தாள். அது சரிந்து மல்லாந்துவிட்டது. அதனால் நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. கூரைத் தகட்டையும் அதில் ஒரு சிலந்திவலையையும் பார்த்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஏழு கடல் தாண்டி இருப்பவளின் பங்கு இவ்வளவுதான்.

நாற்காலி இழுபட்டது. பிறகு டீச்சர் மெல்லிய குரலில், நான் விசாரணைக்குப் போனால் என் சர்வீஸ் எல்லாம் போய்விடும் சாந்தி என்றார். நான் வேண்டுமென்று போகவில்லை, புள்ளிக் கணக்கு அன்றைக்கே வேண்டும் என்று கேட்டார்கள், பத்து நிமிஷம்தான் என்றார். அதுவும் உண்மைதான். ஒரு ஆசிரியரை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்கச் சொல்கிறவர்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை.

சாந்தி விம்முவது கேட்டது. அவளை எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நிமிஷம் டீச்சர் அழுதால் போதும், இவள் மறுபடியும் மனம் மாறிவிடுவாள். விட்டுக்கொடுக்காதே என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது.

“டீச்சர்,” என்றாள் நிரோஷா. “எனக்கு உங்க மேல கோவம் இல்ல. நீங்கதான் என்னயத் தூக்கிக்கிட்டு ஓடினீங்க. ஆனா வீட்டுல நடந்துச்சுன்னு அம்மா சொன்னப்ப நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

வெளியே ஏ ஒன்பது வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பிறகு நாற்காலி மறுபடி இழுபட்டது. செருப்புச் சத்தம். டீச்சர் விடைபெறாமலே போய்விட்டார்.

7

திங்கட்கிழமை பாடசாலையில் நான் எந்தப் பிள்ளையின் பெயரையும் சரியாகக் கூப்பிடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். திவ்யா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. சித்தி போயிட்டாங்களா என்று கேட்டாள். நான் திருத்த எதுவும் இருக்கவில்லை.

நிரோஷாதான் அழைத்தாள். அவளும் அம்மா அப்பாவோடு பொலிஸுக்குப் போயிருந்தாள். அவர்கள் போய்ச் சுவரோரத்து நீள மர வாங்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில், மல்லிகா டீச்சர் தனியாக உள்ளே வந்தாராம். பாடசாலைக்குக் கட்டுகிற சேலையோடு வந்திருக்கிறார். இவர்களோடு பேசவில்லை. தள்ளி, வாங்கின் மறுகோடியில் உட்கார்ந்திருக்கிறார். எதிராகச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று செல்வம் நினைத்திருக்கிறார்.

சாந்தியைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பாடசாலையில் நடந்ததைச் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து, ஒரு வருஷத்துக்கு முன்னால் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறாய், இப்போது காசுக்காக மாற்றுகிறாயா என்று கேட்டார். அப்படியென்றால் அன்றைக்குப் பொய் சொல்லச் சொல்லி யார் உன்னைத் தூண்டியது என்றும் கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன் என்றாள் சாந்தி. அதிகாரி சிரித்தார். அதை யார் நம்புவது?

அப்போது டீச்சர் எழுந்து மேசைக்குப் பக்கத்தில் வந்தார். தான் யார் என்று சிங்களத்தில் சொன்னார். இந்த அம்மா சொல்வது சரி, பிள்ளை என் பொறுப்பில் இருந்தது, நான் அந்த இடத்தில் இருக்கவில்லை என்றார். அதிகாரி எழுதினார். எழுதி முடித்துவிட்டு, சரி, நீங்கள் போகலாம் என்றிருக்கிறார். டீச்சர் போகவில்லை.

“அப்புறம் என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன். திவ்யா என் தோளில் சாய்ந்து போனில் காதை வைத்திருந்தாள்.

நிரோஷா அதை எனக்குத் தமிழில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, டீச்சர் சொன்ன மாதிரியே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“‘ஆஸ்பத்திரியில இவங்க பொய் சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன். அதையும் எழுதுங்க.’”